பிரேக் கட்டை எரிந்த நாள்

காலைப் பெரட்டில் துரை வீசிய சவுக்கு அக்காவின் வீட்டுக்காரர் முகத்தில் விழுந்தது. அதன் நுனி இடது கண்ணைக் கிழித்துவிட்டது. அவர் கத்தவில்லை. முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, பழம் உரிக்கும் கொட்டகையின் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்து காப்பித் தோல் குவியலில் சொட்டியது. துரை நிறுத்தவில்லை. முதுகிலும் தோளிலும் சவுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. ஆள் கணக்கு எடுக்கும் அந்தப் பெரட்டில் வரிசையாக நின்ற நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மேஸ்திரி ஒருவன்தான் அசைந்தான். அதுவும் துரையின் குதிரை மிரளாமலிருக்க அதன் கடிவாளத்தைப் பிடித்துக்கொள்வதற்காக.

அடிக்குக் காரணம் புளித்துப்போன பழம். முந்தின நாள் பறித்ததில் பாதி உரிக்கப்படாமல் கொட்டகையில் குவிந்து கிடந்துவிட்டது. காப்பிப் பழத்தைக் குவித்து வைத்தால் உள்ளே தானாகச் சூடேறும். காலையில் குவியலுக்குள் கையை விட்டால் சுடும். பரப்பிப்போட்டு அந்தச் சூட்டை ஆற்றிவிடலாம். ஆனால் புளித்த பழத்தைப் பழையபடி நல்ல பழமாக்க எந்தத் துரையாலும் முடியாது. கொட்டகைக்கு அக்காவின் வீட்டுக்காரர் பொறுப்பு.

"பழம் பொழுது சாய்ஞ்சுதானுங்க தொர வந்து எறங்குச்சு. வின்ச்சு மெதுவா வந்தா நாங்க என்னங்க பண்ணறது?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

வின்ச்சை ஓட்டுகிறவன் நான்.

எங்கள் எஸ்டேட் ஏற்காட்டு மலையில், நாகலூருக்கு அப்பால், ஒரு செங்குத்தான சரிவில் இருந்தது. வெள்ளைக்காரர்கள் சீக்கிரமே மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். நான் சேலத்தில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா காலராவில் போனார். படிப்பு நின்றது. இங்கிலீஷ் தெரியும், பௌதிகம் படித்தவன் என்பதால் மலைமேல் இந்த வேலை கிடைத்தது. உச்சியில் பறிக்கும் பழத்தைக் கீழே கொட்டகைக்கு இறக்கும் வின்ச் என்ற கம்பி வடத்துக்கு நான் பிரேக் பிடிக்கிறவன்.

எங்கள் வின்ச்சுக்கு எஞ்சின் கிடையாது. உச்சியில் ஒரு பெரிய இரும்புச் சக்கரம். அதன் பள்ளத்தில் ஓடும் ஒரே வடத்தின் இரண்டு முனைகளிலும் முனைக்கொன்றாக இரண்டு இரும்புத் தொட்டிகள். பழம் நிறைந்த தொட்டி சரிவில் இறங்கும்போது அதன் கனமே இன்னொரு தொட்டியைக் கீழிருந்து மேலே இழுத்துவிடும். மேலே வரும் தொட்டியில் அரிசி மூட்டை, எரு மூட்டை, ஒன்றும் இல்லாவிட்டால் கல். வேகத்தை அடக்க, சக்கரத்தின் விளிம்பில் ஒரு வேலமரக் கட்டை அழுந்தும். அந்தக் கட்டையை அழுத்தும் நீண்ட இரும்புப் பிடி என் கையில்.

உச்சியில் தொட்டிகளை நிரப்பும் பெண்களுக்குத் தலைவிதான் அக்கா; கூடப் பிறந்தவள் இல்லை, எஸ்டேட்டில் எல்லோருக்கும் அவள் அக்கா. நாற்பதை நெருங்கிய வயது, ஆண்பிள்ளைபோல் தோள். அவளும் வீட்டுக்காரரும் தருமபுரிப் பக்கமிருந்து பஞ்சத்தில் மலையேறி வந்தவர்கள். பிள்ளை இல்லை. என்னைக் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். தொட்டிகளின் எடையை அவள் சரிக்கட்டும் விதம் எனக்குப் பிடிக்கும். ஏறும் தொட்டிக்கும் இறங்கும் தொட்டிக்கும் கிட்டத்தட்ட ஒரே கனம் இருக்கும்படி கீழே சொல்லியனுப்பிவிடுவாள். அப்போது வடம் மூச்சுவிடாமல் நிற்கும். ஒரு கூடைப் பழத்தைக் கொட்டினால் தொட்டி இறங்கத் தொடங்கும். அந்தக் கூடையை எடுத்துவிட்டால் வந்த வழியே திரும்பிவிடும். பிரேக் கட்டை வெதுவெதுப்பாகக்கூட ஆகாது.

ஒரு நாள் அவளிடம் சொன்னேன்: "எங்க பொஸ்தகத்துல இதுக்கு ஒரு பேரு இருக்குதுங்க அக்கா. எந்த வழியா போச்சோ அதே வழியா, ஒண்ணும் நட்டமில்லாம திரும்பி வர்ற காரியம். ஆனா நெசத்துல அப்படி ஒண்ணு கிடையாதுங்க. இது கிட்டத்தட்ட."

"எதுக்குக் கண்ணு கிடையாது?"

"எங்கயோ கொஞ்சம் உரசும், கொஞ்சம் சூடாகும். அந்தச் சூடு காத்துல போனது போனதுதான். தவிர, அப்படி நட்டமில்லாம ஓட்டணும்னா நொம்ப நொம்ப மெதுவா ஓட்டோணும். ஒரு தொட்டி எறங்க ஒரு ஆயுசு ஆகும்."

அவள் சிரித்தாள். "தொரகிட்டச் சொல்லிப் பாரு."

அந்தப் பேச்சு நடந்தபோது பழம் குறைவாக இருந்தது. இப்போது அறுவடை உச்சத்தில் இருந்தது. செடியெல்லாம் சிவந்து கிடந்தது. மழை வேறு வரும்போல இருந்தது.

பெரட்டு முடிந்து நான் மேலே ஏறிப் போனபோது, விடியுமுன்பே தன் பெண்களோடு உச்சிக்குப் போயிருந்த அக்காவுக்குச் சேதி முன்னாடியே போய்விட்டிருந்தது.

"கண்ணு போயிருச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"எடது கண்ணுங்க. பச்சிலை வெச்சுத் துணி கட்டியிருக்காங்க. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகோணும்னு கணக்கு எழுதற ரைட்டர்கிட்டச் சொன்னேன். வேலை முடியட்டும்னுட்டாரு."

"அப்ப வேலை பாக்கறாரா?"

"பாக்கறாருங்க."

அவள் கூடையை எடுத்து வீசிய வீச்சில் அது தொட்டியின் விளிம்பில் மோதி உடைந்தது.

வெயில் ஏறியபோது துரை குதிரையில் வின்ச் மேட்டுக்கு வந்தார். மேஸ்திரியும் கூட ஓடிவந்தான். நாங்கள் எடை சரிக்கட்டுவதைத் துரை கொஞ்ச நேரம் பார்த்தார். கீழே எரு மூட்டை ஏற்றி முடிக்கும்வரை இங்கே பழத்தொட்டி காத்துக்கொண்டு நிற்பது அவருக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. இனிமேல் ஏறும் தொட்டி காலியாகவே வர வேண்டும், இறங்கும் தொட்டியைக் குவித்து நிரப்ப வேண்டும், ஒன்று போய்ச் சேர்ந்ததும் அடுத்தது என்று உத்தரவு போட்டார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். எதிர்க்கனம் இல்லாவிட்டால் இறங்கும் பழத்தின் பலமெல்லாம் பிரேக் கட்டைக்குத்தான் வந்து சேரும், அத்தனையும் அங்கே சூடாக மாறும், மரம் தாங்காது என்றேன். அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்துகொண்டுதான், "தண்ணி ஊத்து" என்று தமிழில் சொன்னார்.

ஊற்றினோம். மதியம்வரை வின்ச் பேய் பிடித்ததுபோல் ஓடியது. ஒவ்வொரு தொட்டி இறங்கும்போதும் கட்டையிலிருந்து புகை கிளம்பும். ஒருத்தி குடத்திலிருந்து தண்ணீரைக் கொட்டுவாள். சீறிக்கொண்டு ஆவி எழும்பும். கட்டையின் முகம் கரியாகி வழவழத்துவிட்டது. என் உள்ளங்கை அந்தப் பிடியில் கொப்பளித்துக் கிழிந்தது. கடைசியில் பாதி வழியில் தொட்டியை நிறுத்திப் பிடியைச் சங்கிலியில் மாட்டினேன். "கட்டையை மாத்தாம இனிமே ஓட்ட முடியாதுங்க" என்றேன்.

துரை குதிரையிலிருந்து இறங்கினார். சவுக்கைத் திருப்பிப் பிடித்து அதன் கனத்த கைப்பிடியால் என் வாயில் அடித்தார். பல் உடைந்து நாக்கில் குத்தியது. நான் மண்டிபோட்டபோது மேஸ்திரி என் விலாவில் உதைத்துத் தள்ளினான். துரை கோட்டைக் கழற்றி வீசிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, சங்கிலியை எடுத்துத் தானே பிடியைப் பிடித்தார்.

அவர் பிடியைத் தளர்த்தினார். தொட்டி கிளம்பியது. மறுபடி இறுக்கினார். சக்கரம் நிற்கவில்லை. கரி பிடித்த கட்டை இரும்பின்மேல் வழுக்கியது. புகை கறுத்து, கட்டையின் ஓரத்தில் சின்னதாக நெருப்புப் பிடித்தது. துரை தன் முழு உடம்பையும் பிடியின்மேல் போட்டார். கட்டை நெடுக வெடித்துப் பிளந்தது. எதிர்ப்பு சட்டென்று போனதும் அவர் தலைகுப்புறச் சக்கரத்தின்மேல் விழுந்தார்.

வடம் ஊளையிட்டது எனக்கு இன்னும் கேட்கிறது. கீழே போகும் தொட்டி ஒரு புள்ளியாகிப் பாய்ந்தது. மேலே வரும் காலித் தொட்டி கொட்டகை உயரத்துக்கு எகிறியபடி எங்களை நோக்கி வந்தது. பெண்கள் சிதறி ஓடினார்கள். அது சக்கரத்தைத் தாங்கிய உத்திரத்தில் மோதி, மரச் சட்டங்களை நொறுக்கிக்கொண்டு சிக்கி நின்றது. அதே நேரத்தில் அடிவாரத்திலிருந்து, தகரக் கூரை கிழியும் சத்தம் மலை முழுக்க எதிரொலித்தது.

பிறகு துரையின் அலறல். அவருடைய வலது கை மணிக்கட்டுக்கு மேல்வரை வடத்துக்கும் சக்கரத்தின் பள்ளத்துக்கும் நடுவில் போயிருந்தது. தொட்டி சிக்கியதில் வடம் இரும்புக்கம்பிபோல் விறைத்திருந்தது. கை நசுங்கிப்போயிருந்தது, ஆனால் விடுபடவில்லை. மேஸ்திரியும் நானும் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினோம். வாயிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்க நானும் நெம்பினேன். ஒரு மனிதன் அப்படி அலறும்போது யாரென்று பார்க்கத் தோன்றவில்லை. வடம் ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

அப்போதுதான் கீழேயிருந்து கூக்குரல் ஏறி வந்தது. சரிவில் பழம் பறித்துக்கொண்டிருந்தவர்கள் வாய்மாற்றி வாய்மாற்றிக் கத்தினார்கள். தொட்டி கொட்டகைக்குள் பாய்ந்துவிட்டது. இடது பக்கமாக வந்தது. மற்றவர்கள் பார்த்து ஒதுங்கிவிட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரர் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்துக் கண்ணில்தான் துணி கட்டியிருந்தது.

"போயிட்டாருங்கோ! ஆளு போயிட்டாருங்கோ!"

அக்கா சேதியைக் கேட்டாள். கட்டை செதுக்குவதற்காக நான் வைத்திருந்த கோடாலி சுவரோரம் சாத்தியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு நடந்து வந்தாள். மேஸ்திரி கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினான். துரை அவளைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அலறுவதை நிறுத்திவிட்டார்.

"அக்கா, வேண்டாமுங்க" என்றேன். நான் சொன்னது சரியாக வெளியே வந்ததா என்று தெரியாது. வாய் வீங்கியிருந்தது.

ஒரே வெட்டு. துரையின் கை முழங்கைக்குக் கீழே துண்டாகிச் சக்கரத்திலேயே தங்கிவிட்டது. அவர் பின்பக்கமாகச் சாய்ந்து மண்ணில் விழுந்தார். அவள் கோடாலியை மறுபடி ஓங்கினாள். அவர் மேல் குறுக்கே விழுந்தது நான்தான். ஏன் விழுந்தேன் என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவரைக் காப்பாற்ற இல்லை. அடுத்த வெட்டு விழுந்தால் அக்காவைத் தூக்கில் போட்டுவிடுவார்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அவள் ஓங்கிய கோடாலியோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதைப் போட்டுவிட்டுச் சரிவில் இறங்கி ஓடினாள். என் வேட்டியைக் கிழித்துத் துரையின் கையைக் கட்டினேன்.

மேஸ்திரி தப்பவில்லை. சரிவிலிருந்து ஏறிவந்த ஆட்கள் அவனைச் சவுக்கு மரத்தடியில் பிடித்தார்கள். பழக்கூடை தூக்கும் கம்பாலும் கல்லாலும் அடித்தார்கள். வருஷக்கணக்காக அவனிடம் அடிவாங்கியவர்கள். உயிர் மிஞ்சியது, ஆனால் அதற்குப் பிறகு அவன் நேராக நடந்து நான் பார்க்கவில்லை. துரையின் பங்களாவில் ஜன்னல் கண்ணாடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. லாயத்துக்குத் தீ வைத்தார்கள். யாரோ குதிரைகளை மட்டும் அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அவை இரவெல்லாம் காப்பிச் செடிகளுக்குள் கனைத்துக்கொண்டு திரிந்தன.

மறுநாள் கீழேயிருந்து போலீஸ் லாரிகள் ஏறி வந்தன. கூலிகள் குடியிருந்த லைன் வீடுகளில் ஆம்பளை என்று கண்ணில் பட்ட எல்லோரையும் வெளியே இழுத்துப்போட்டு லத்தியால் அடித்தார்கள். அதற்கப்புறம் வீடுகளுக்குள் நுழைந்தார்கள். பானைகளை உடைத்தார்கள். ராகி மாவையும் அரிசியையும் தரையில் கொட்டி, அதன்மேல் மண்ணெண்ணெயை ஊற்றிக் காலால் கலக்கினார்கள். அவர்கள் போனபின் பெண்கள் அந்த மாவை அள்ளி வெயிலில் காயவைத்தார்கள். சலித்தார்கள். மறுபடி காயவைத்தார்கள். மண்ணெண்ணெய் வாடை போகவேயில்லை. வேறு வழியில்லாமல் அதையே களி கிண்டித் தின்ற பிள்ளைகள் வாந்தியெடுத்தன. பிற்காலத்தில் வகுப்பில், கலந்த இரண்டு பொருள்கள் தாமாகப் பிரிவதில்லை என்று சொல்லும்போதெல்லாம் மற்ற வாத்தியார்கள் பாலையும் தண்ணீரையும் சொல்வார்கள். எனக்கு அந்த வாடைதான் வரும்.

அக்காமேல் கொலை முயற்சி வழக்குப் போட்டார்கள். அவள் வீட்டுக்காரர் செத்தது விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். லைனில் எல்லோரும் சேர்ந்து சேலத்தில் ஒரு வக்கீலை வைத்தோம். அவர் கெட்டிக்காரர். வெள்ளைக்கார டாக்டரே, அந்தக் கை நசுங்கிப்போய்விட்டது, எப்படியும் எடுத்திருக்க வேண்டியதுதான் என்று சாட்சி சொல்லியிருந்தார். வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். என்னையும் கூட்டிக்கொண்டு அக்காவைப் பார்க்க ஜெயிலுக்கு வந்தார்.

"அம்மா, நான் சொல்றபடி சொன்னாப் போதும். துரை கை சக்கரத்துல மாட்டிக்கிச்சு. கடப்பாரை போட்டும் வரலை. ஆளு ரத்தம் போய்ச் சாகறாரு. அவரைக் காப்பாத்தத்தான் வெட்டினேன்னு சொல்லுங்க. கேஸ் நிக்காது."

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ என்ன சொல்ற கண்ணு?"

"அப்படியே சொல்லிருங்க அக்கா. அவரு பொழைச்சதே நீங்க வெட்டுனதாலதான். அது பொய்யில்லீங்களே."

"பொழைச்சாரு. ஆனா நான் பொழைக்கறதுக்கா வெட்டுனேன்?"

"அது மனசுக்குள்ள இருக்கறது. கோர்ட்டுக்கு அது வேண்டாமுங்க."

"எனக்கு வேணும்" என்றாள். "என்ற ஊட்டுக்காரரு அங்க நசுங்கிக் கெடக்கறாரு. நான் இங்க தொரையைக் காப்பாத்திக்கிட்டு இருந்தேன்னு என்ற வாயால சொல்லோணுமா? கோவத்துல வெட்டுனேன். கழுத்துக்குத்தான் ஓங்குனேன். கை குறுக்க இருந்துச்சு. அதைத்தான் சொல்லுவேன்."

வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கோர்ட்டில் அவள் அப்படியே சொன்னாள்.

என்னையும் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். சர்க்கார் வக்கீல் கேட்டார்: "துரை இறுக்கிய பிரேக்கை நீங்களும் சேர்ந்து இறுக்கியிருந்தால் தொட்டி நின்றிருக்கும் அல்லவா?"

இல்லை என்றேன். காலையிலிருந்து இறங்கிய பழத்தின் பலமெல்லாம் அந்தக் கட்டையில் சூடாகிக் காற்றில் போய்விட்டது, மரம் கரியாகிவிட்டது, கரி மறுபடி மரமாகாது, அந்தக் கட்டையை யார் இறுக்கினாலும் பிடிக்காது என்றேன். கட்டையைக் கெடுத்த உத்தரவு யாருடையது என்றும் சொன்னேன். ஜட்ஜ் பேனாவை எடுக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி சொன்னார். அக்காவை வேலூர் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். துரை ஒற்றைக் கையோடு சீமைக்குக் கப்பலேறினார். வின்ச்சைப் பிரித்துப் போட்டார்கள். என்னையும் வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

நான் சேலத்துக்கு வந்து, கையில் கிடைத்த வேலையெல்லாம் செய்து, விட்ட படிப்பை முடித்து, ஒரு பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். உடைந்த பல்லால் சில எழுத்துகள் எனக்குச் சரியாக வராது. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அதைப்போலப் பேசிக் காட்டுவார்கள். வருஷாவருஷம் மீள் நிகழ்வு, மீளா நிகழ்வு என்ற பாடம் வரும். பிஸ்டன் போட்ட உருளையைப் படமாக வரைந்து, அதன்மேல் மணல் மணலாக எடையைக் குறைத்தால் வாயு எப்படி விரியும், மறுபடி மணல் மணலாகச் சேர்த்தால் எப்படிப் பழைய நிலைக்குத் திரும்பும் என்று விளக்குவேன். அதுவரை குரல் ஒழுங்காக இருக்கும். அப்புறம், உருளையை உடைத்துவிட்டால் என்ன ஆகும் என்ற இடம் வரும். அந்த இடத்தை நான் வேகமாகக் கடந்துவிடுவேன். பிள்ளைகள் சந்தேகம் கேட்டால் கோபம் வரும். ஒருமுறை சாக்கட்டியைச் சுவரில் வீசியடித்தேன். அன்று வெளியே வந்து கிணற்றடியில் நின்று, அடுத்த மணி அடிக்கும்வரை தண்ணீர் இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா விடுதலையாகும்போது யுத்தம் முடிந்திருந்தது. வேலூருக்குப் போய் அழைத்துவந்தேன். தலை முழுக்க வெளுத்திருந்தது, தோள் மட்டும் அப்படியே. ஏற்காட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"தொர உசுரோட இருக்கறாரா?"

"இருக்கறாருன்னு சொல்றாங்க."

அடுத்த வளைவு தாண்டியதும் சொன்னாள்: "அன்னைக்கு நீ குறுக்க உழுகலைன்னா ரெண்டாவதையும் போட்டிருப்பேன். உம்மேல எனக்கு அந்தக் கோவம் நொம்ப நாள் இருந்துச்சு கண்ணு."

"இப்பங்க?"

"இப்பவும் கொஞ்சம் இருக்குது" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். "ஜெயிலுக்குள்ள எத்தனையோ தடவ நெனச்சுப் பாத்தேன். தொர என்ற ஊட்டுக்காரரை அடிக்காம இருந்திருந்தா, நீ வின்ச்சை நிறுத்தாம இருந்திருந்தா, நான் கோடாலியை எடுக்காம இருந்திருந்தான்னு. பின்னாலயே போய்ப் போய்ப் பாத்தேன். எங்கயும் கதவு தெறக்கலை. ஏங்கண்ணு, பள்ளிக்கூடத்துல திரும்ப வராததைப் பத்தி எல்லாம் பாடம் இருக்குதா?"

"இருக்குதுங்க அக்கா. கிட்டத்தட்ட எல்லாமே அப்படித்தான்னு எழுதியிருக்குது."

"பரீச்சையில கேப்பாங்களா?"

"தவறாமக் கேப்பாங்க."

அவள் சிரித்தாள். சிரித்ததும் மறுபடி குமட்டல் வந்து ஜன்னலுக்கு வெளியே குனிந்துகொண்டாள். நான் அவள் முதுகைத் தடவிவிட்டேன்.

டவுனில் வண்டி மாறினோம். எஸ்டேட் கேட்டைத் தாண்டும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். கொட்டகைக்குப் புதுத் தகரம் போட்டிருந்தார்கள். வாழவந்தியில், அவளுக்குப் பின்னால் மலையேறி வந்த அவளுடைய தம்பி ஒரு மலைக்காரரின் நிலத்தை விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குப் பிடித்துச் சாமை போட்டிருந்தான். வண்டி நின்ற இடத்தில் அவன் மனைவியும் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். அவளை இதற்கு முன் பார்த்திராத சின்னப் பெண் ஒன்று அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. அக்கா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் கையை நீட்டினாள். அது கொஞ்சம் யோசித்துவிட்டு வந்து விரலைப் பிடித்துக்கொண்டது. எல்லோரும் மேட்டில் ஏறிப் போனார்கள். எனக்கு மறுநாள் காலையில் வகுப்பு இருந்தது. அடுத்த வண்டியில் மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கிவிட்டேன்.